தடம் கெடாமல் வாருங்கள்: ஜீப் பயணக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து ஜீப்பும் பைக்கும் எடுத்துக்கொண்டு மலைத்தடங்களுக்குப் பயணம் போகும் குழுக்களைச் சேர்ந்த தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம்.

ஐப்பசி கடைசி வாரத்தில் 14 வண்டிகளோடு நான்கு நாள் பயணம் என்று உங்களில் ஒரு குழு விட்டிருக்கும் அழைப்பை என் அக்கா மகன் கொண்டுவந்து காட்டினான். முதல் நாள் பண்ணாரி, திம்பம், ஆசனூர், தாளவாடி. இரண்டாம் நாள் கடம்பூர் மலை. மூன்றாம் நாள் அந்தியூரிலிருந்து பர்கூர். நான்காம் நாள் தெங்குமரஹடா. மழையையும் சேற்றையும் வெள்ளத்தையும் வென்று வருவோம் என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் சத்தியமங்கலத்துக்காரன். 1988இல், பதினாறு வயதில், ஒரு பழைய மகேந்திரா ஜீப்பில் கிளீனராக ஏறினேன். அப்புறம் முப்பது வருஷம் அதே மலையில் ஸ்டியரிங் பிடித்தேன். கே.என். பாளையம் வழியாகக் கடம்பூர், கடம்பூரைத் தாண்டி குன்றி, மாக்கம்பாளையம் பக்கம் என்று என் பிழைப்பு முழுக்க அந்தத் தடங்களில்தான். ஏறும்போது ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய், உர மூட்டை, கல்யாணப் பந்தல் சாமான். இறங்கும்போது ராகி, மக்காச்சோளம், புளி, கடுக்காய், சீமார்ப் புல். இரண்டு பக்கமும் ஆட்கள். மூட்டைக்கு மேலே ஆட்கள், பானெட்டுக்கு மேலேகூட ஆட்கள். சட்டப்படி அது தப்பு என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஜீப்பை விட்டால் அவர்களுக்கு நடைதான் என்பதும் தெரியும்.

உங்களை வரவேண்டாம் என்று தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மலையை நீங்கள் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் அது. மழை விட்ட மறுநாள் காலையில் கடம்பூர் மேட்டில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தால், ஈர மண் வாசமும் எங்கோ ஒரு மயில் அகவுகிற சத்தமும் வந்து சேரும். கோவையில் அவிநாசி ரோட்டில் நாள் முழுக்கக் கிளட்சை மிதித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது எவ்வளவு வேண்டியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நான் கேட்பது எப்போது வருகிறீர்கள், எப்படி வருகிறீர்கள் என்பதைப் பற்றி.

நம் பக்கத்தில் வழியைத் தடம் என்போம். "இந்தத் தடம் எங்க போகுதுங்க?" என்று உங்கள் பாட்டியும் கேட்டிருப்பார். ஓடையைப் பள்ளம் என்போம். மலையில் ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள தூரத்தை நாங்கள் கிலோமீட்டரில் சொன்னதில்லை. எத்தனை பள்ளம் தாண்டணும் என்றுதான் கேட்போம். மாக்கம்பாளையம் போகிற தடத்தில் சர்க்கரைப்பள்ளம், குரும்பூர்ப் பள்ளம் என்று இரண்டின் பெயரைச் சொன்னால் போதும், அன்றைக்குப் பஸ் போகுமா போகாதா என்று கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். மழைக்காலத்தில் அந்த இரண்டும் நிறைந்து ஓடி ஊர்கள் துண்டான செய்தி வருஷா வருஷம் பேப்பரில் வந்திருக்கிறது.

சில வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கடம்பூருக்கு அப்பால் ஒரு பள்ளம். பெயர் வேண்டாம். சொன்னால் அதையே தேடிக்கொண்டு வண்டிகள் வரும்.

அந்தப் பள்ளத்தின் அக்கரை ஏற்றம் வெறும் களிமண். மழை பெய்தால் மாடுகூட வழுக்கும். அதனால் ஊர்க்காரர்கள் ஆற்றுக்கல்லைப் பொறுக்கிவந்து, பெரிய கல்லை அடியிலும் சின்னக் கல்லை இடுக்கிலும் போட்டு, ஒரு வண்டி அகலத்துக்கு ஏற்றம் முழுக்கப் பாவியிருந்தார்கள். ஒப்பந்ததாரரும் கிடையாது, பில்லும் கிடையாது. ஊராளிப் பெரியவர் ஒருவர் மேலே உட்கார்ந்துகொண்டு எந்தக் கல்லை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று சொல்வார். கல்லின் தட்டையான முகம் மேலே வரக்கூடாது, டயர் வழுக்கும் என்பார். அவர் வாழ்நாளில் வண்டி ஓட்டியதில்லை. ஆனால் அவர் சொன்னபடி வைத்த கல்லில் என் ஜீப் ஒருநாளும் வழுக்கியதில்லை.

ஏழு வண்டிகள் வந்தன. நல்ல வண்டிகள், நல்ல பிள்ளைகள். குடித்திருக்கவில்லை, யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கெட்டவர்கள் வந்து கெடுத்தார்கள் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. முதல் இரண்டு வண்டி ஏறிவிட்டது. மூன்றாவது வண்டி கல் பாவிய தடத்தை விட்டு அரை அடி விலகிச் சேற்றில் சிக்கியது. சேற்றுக்கென்றே செய்த கட்டை டயர். சிக்கிய பிறகும் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த மாதிரி டயர் ஓரிடத்தில் நின்று சுழன்றால் மண்வெட்டி மாதிரி தோண்டும். அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. அப்புறம் மேலே இருந்த வண்டியின் வின்ச்சில் கம்பியை மாட்டி இழுத்தார்கள். வண்டி குறுக்கே திரும்பிப் பாவிய கல்லின் மேல் உரசிக்கொண்டே ஏறியது. அதோடு அடிக்கல் பெயர்ந்தது. அடுத்த நான்கு வண்டிக்கும் அதே கதை. நான் கீழே என் ஜீப்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வண்டிக்கு நானும் கயிறு கொடுத்தேன். நன்றி சொல்லி, கை குலுக்கி, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் என் பையில் 500 ரூபாய் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஏற்றத்தில் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு வாய்க்கால் விழுந்திருந்தது. அன்று இரவு மழை. மலைத்தண்ணீர் அந்த வாய்க்கால் வழியே இறங்கி மிச்ச மண்ணையும் அரித்துக்கொண்டு போனது. மறுநாள் காலையில் பஸ் வந்து இக்கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. கடம்பூரில் படிக்கும் பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றாம் நாள், பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைத் தொட்டில் கட்டி, மூங்கிலைத் தோளில் வைத்து நான்கு பேர் தூக்கிவந்து பள்ளத்தைக் கடத்தி இந்தக் கரையில் என் ஜீப்பில் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் நலம்தான். அந்தத் தொட்டில் வந்த வேகத்தையும், முன்னால் தூக்கிவந்த பையனின் கால் சேற்றில் வழுக்கி அவன் மண்டிபோட்டும் தோளை மட்டும் இறக்காமல் இருந்ததையும் நான் பார்த்தேன். கல்லைத் திரும்பப் பாவ ஊர் முழுக்கச் சேர்ந்து இரண்டு நாள் ஆனது. ராகி அறுப்பு நெருங்குகிற நேரம் அது.

அந்த ஏழு வண்டிக்காரர்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களே வந்து கல் சுமந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். உங்களுக்காவது தெரியட்டும்.

மண் தடம் காய்ந்திருக்கும்போது லாரியைக்கூடத் தாங்கும். ஊறிய பிறகு ஒரு பைக் டயரே அதில் கோடு கிழிக்கும். அந்தக் கோட்டில் தண்ணீர் ஓடி, கோடு குழியாகி, மழை நின்றதும் அது அப்படியே செங்கல் மாதிரி இறுகிவிடும். ஐப்பசியில் நீங்கள் விட்டுப்போகும் அந்தச் சுவடு சித்திரை வரைக்கும் ஊர்க்காரர்களின் வண்டி அச்சை உடைத்துக்கொண்டிருக்கும். உங்கள் பயணம் நான்கு நாளில் முடிந்துவிடுகிறது, தடத்துக்கு அது ஒரு வருஷம்.

இன்னொன்று உங்கள் உயிரைப் பற்றியது. நீங்கள் போட்டிருக்கும் நாட்கள் வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி. நம் மாவட்டத்துக்கு வருஷத்தின் பெருமழை அப்போதுதான். அந்த மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் நல்ல வெயில் அடிக்கும். மூன்று மணிக்கு மேகம் திரளும். நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு தூறல்கூட விழாமல் மேலே எங்கோ கொட்டி, ஐந்து மணிக்குப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் வரும். எங்கள் பழைய ஓட்டுநர்கள் கரையில் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு ஒரு பீடி பிடிக்கும் நேரம் பார்ப்பார்கள். கல் நனைந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு அவசரமானாலும் வண்டி இறங்காது. தண்ணீர் வருவதற்கு முன்னால் சருகும் நுரையும் வரும். நிறம் செம்மண் நிறத்துக்கு மாறும். அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால் பேச்சே வேண்டாம், மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தால் சின்னக் காரைத் தூக்கிவிடும். இரண்டு அடி வந்தால் உங்கள் பெரிய வண்டிகளையும் நகர்த்தும். எடை இருக்கிறது என்று நம்பாதீர்கள், டயரில் காற்று இருக்கிறது, உள்ளேயும் காற்று இருக்கிறது, வண்டி மிதக்கும். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யக்கூடாது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாது. சாவியைத் திருப்பினால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்ரோல் ஜீப் காலத்தில் நாங்கள் பள்ளத்தில் இறங்குவதற்கு முன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவோம். ஃபேன் தண்ணீரை வாரி, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் அடித்தால் நடுப்பள்ளத்தில் வண்டி நின்றுபோகும். அக்கரை ஏறி மறுபடி பெல்ட்டை மாட்டுவோம். கால் மணி நேரம் போகும். அந்தக் கால் மணி நேரம் வீண் என்று யாரும் நினைத்ததில்லை.

மாயாறு இதைவிட மோசம். உங்கள் நான்காம் நாள் அதுதான். தெங்குமரஹடா நீலகிரி மாவட்டத்து ஊர், ஆனால் வழி நம் பவானிசாகர் பக்கம். 1948இல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் வைத்து விவசாயம் பார்க்க வந்தவர்களின் ஊர். காட்டுக்குள் வந்து ஆற்றைப் பரிசலில் கடந்தால்தான் வீடு. மாயாற்றில் வரும் தண்ணீருக்கும் நம் தலைக்கு மேல் உள்ள வானத்துக்கும் சம்பந்தமில்லை. கூடலூர், முதுமலைப் பக்கம் பெய்த மழையும் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து வரும் தண்ணீரும் சேர்ந்து, இங்கே வெயில் கொளுத்தும்போதே ஆறு நிறையும். முதலைகளும் உண்டு. வெளியாட்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தடத்தில் போகவும் முடியாது. 14 வண்டிக்கு அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று உங்கள் அழைப்பில் ஒரு வரியும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் சோதனைச்சாவடியில் சொல்லிவிடுவார் என்று நினைத்திருந்தால் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். உங்களை உள்ளே விட்ட கடைநிலை ஊழியரின் வேலைதான் போகும்.

சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகமானது. 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். பர்கூர், அந்தியூர்க் காடுகளும் 2024இல் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் ஆகிவிட்டன. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் பொதுச்சாலையில் கடந்து போகலாம். சாலையை விட்டு இறங்கினால் அனுமதி வேண்டும். உங்களுக்கு ஆசை வருவது சாலையை விட்டுப் பிரியும் பழைய கூப்புத் தடங்களில்தான் என்பது எனக்குத் தெரியும். மூங்கில் வெட்டி லாரியில் ஏற்றிய காலத்துத் தடங்கள் அவை. இன்றைக்கு அவை யானையும் காட்டெருமையும் நடக்கும் தடங்கள்.

இந்த மலையில் நெடும்பயணம் புதிதில்லை. மைசூர்ப் பீடபூமியிலிருந்து கொங்கு நாட்டுக்கு இறங்கும் பழைய வழி, மாயாற்றங்கரைக்கு வந்து சேரும் கெஜலட்டிக் கணவாய். 1790இல் திப்பு சுல்தான் தன் படையை அந்த வழியாக இறக்கிச் சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயர் படையை எதிர்த்தார். பீரங்கியும் மாடும் ஒட்டகமும் இறங்கிய தடம். அந்த வழியில் இருந்த டணாய்க்கன் கோட்டை இன்று பவானிசாகர் அணைத் தண்ணீருக்கு அடியில். அணை வறண்ட வருஷங்களில் அங்கேயிருந்த கோயில் வெளியே தெரியும். கணவாய் இன்று புலிகள் காப்பகத்தின் உள்காட்டில் இருக்கிறது, நமக்கு அங்கே வேலையில்லை. பயணத்தில் சரித்திரம் தேடுகிறவர்கள் உங்களில் இருந்தால், அணை வறளும் கோடையில் பவானிசாகர் வந்து அந்தக் கோயில் தெரிகிறதா என்று பாருங்கள். ஊர்க்காரர்கள் நிறையச் சொல்வார்கள்.

திம்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, 27 கொண்டை ஊசி வளைவு என்று எல்லோருக்கும் தெரியும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் பத்தாவது வளைவில் கருகல் வாசம் வரும். அப்புறம் கால் மிதிப்பது பிரேக் மாதிரி இருக்காது, பஞ்சு மாதிரி இருக்கும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் ஒதுங்கி வழி விட வேண்டும். பாரத்தோடு ஏறும் லாரி ஒரு தடவை நின்றுவிட்டால் அதைத் திரும்பக் கிளப்ப அந்த ஓட்டுநர் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து அந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. சாலையில் அடிபட்டுச் செத்த சிறுத்தையையும் மானையும் பார்த்தவன் என்ற முறையில் அந்த உத்தரவுக்கு நான் கைகூப்புகிறேன்.

காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் யானைகள் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்கும். குட்டியோடு நிற்கும். அப்போது உங்கள் வண்டியின் கூரையில் உள்ள வெள்ளை விளக்கு வரிசையைப் போட்டுவிடாதீர்கள். ஹாரன் வேண்டாம், எஞ்சினை உறும விட வேண்டாம். தூரத்திலேயே நின்று, பின்னால் இருக்கிற வண்டிக்கும் சைகை காட்டி, அது போகிறவரைக்கும் காத்திருங்கள். 14 வண்டி வரிசையாக நின்றால் யானைக்குச் சாலையைக் கடக்க இடைவெளியே இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது பயந்தால் திரும்பும் பக்கம் உங்கள் பக்கமாக இருக்கலாம்.

பர்கூர் மலையில் உங்களை நிறுத்தப்போவது மாடு. செவலை உடம்பில் வெள்ளைத் திட்டு தெளித்த மாதிரி இருக்கும். உயரம் குறைவு, ஆனால் அந்தக் கல்லுமலையில் அது ஏறுகிற ஏற்றத்தில் உங்கள் நான்கு சக்கர இயக்கமும் திணறும். பர்கூர் மாட்டுக்கென்றே துருசனாம்பாளையத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காட்டில் பட்டி போட்டுப் பழகிய மாடு, புது ஆளைக் கண்டால் மிரளும். சாலையில் மந்தை வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். மேய்க்கிறவர் கன்னடத்தில் ஏதாவது சொல்வார், பெரும்பாலும் "கொஞ்சம் பொறுங்க" என்பதுதான் அது. இறங்கிப் பேசுங்கள். மந்தை எத்தனை, மேய்ச்சல் எப்படி என்று கேளுங்கள். படம் எடுப்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள். அந்தத் தடம் மழையில் அடிக்கடி மண் சரிந்து அடைபடும் என்பதால், அந்தியூரிலேயே டீக்கடையில் விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

சொல்லக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் வீரப்பன் இருந்த இடம் எது என்று கேட்கிறார்கள். 2000 ஜூலையில் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய தொட்டகாஜனூர் வீட்டைக் காட்டச் சொல்கிறார்கள். உங்களுக்கு அது கதை. மலையில் ஐம்பது வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் அது வீட்டில் நடந்தது. ஒரு பக்கம் காட்டுக்குள் இருந்தவர்கள், இன்னொரு பக்கம் அவர்களைத் தேடி வந்தவர்கள், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்கியவர்கள், சிறையில் கிடந்தவர்கள், திரும்பி வராதவர்கள். மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு வைத்து விசாரிக்கும் அளவுக்கு நடந்தது. ராகிக்களி போட்டுத் தரும் ஒரு பாட்டியிடம் கேமராவை நீட்டி அதைக் கேட்காதீர்கள். அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அந்த வருஷங்களில் அந்தத் தடத்தில் வண்டி ஓட்டியவன். எனக்கே இன்னும் சில இடங்களில் இரவில் நிறுத்தப் பிடிக்காது.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள்.

ஐப்பசிப் பயணத்தை விடுங்கள். மழை விட்டு, மண் இறுகி, ராகி அறுப்பு முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விடும் தை மாதம் வாருங்கள். அதற்கப்புறம் மாசி, பங்குனி என்று தள்ளினால் காடு காய்ந்துவிடும், தீப் பயம். 14 வண்டி வேண்டாம். மூன்று, நான்கு வண்டிக்கு மேல் ஒரு குழுவாகப் போகாதீர்கள். மிச்சப் பேர் அடுத்த வாரம் வரட்டும். சேறு கண்டால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கடக்கலாம் என்றால் டயரில் காற்றைக் குறையுங்கள். 32 இருந்தால் 20க்குக் கொண்டுவாருங்கள், டயர் பரந்து மண்ணை அழுத்தும், தோண்டாது. சக்கரம் ஒரு சுற்று வீணாகச் சுற்றினாலே காலை எடுத்துவிடுங்கள். வின்ச் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மரத்தில் கம்பியை நேராகச் சுற்றாதீர்கள், அகலமான பட்டையைப் போட்டு அதில் மாட்டுங்கள். சுற்றிலும் பட்டை உரிந்த மரம் பிழைக்காது. டிரோன் வீட்டிலேயே இருக்கட்டும். மாயாற்றுக் கரை மருத மரங்களில் பாறுக் கழுகுகள் கூடு கட்டி முட்டை வைக்கிற காலம் அது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசியால், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகுகள் நாடு முழுக்க அழிந்து, 2006இல் அந்த ஊசியைத் தடை செய்த பிறகும் மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில் சிலது நம் மாயாற்றில்தான் இருக்கிறது. பாட்டில் கொண்டுவந்தால் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுபோங்கள். உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால் அதை எடுக்க அங்கே ஆள் இல்லை.

ஜன்னல் வழியாகப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசாதீர்கள். பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. கொடுக்க ஆசையிருந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். எங்கள் ஓட்டுநர்களிடையே ஒரு வழக்கம் உண்டு, காலி வண்டியாக மலை ஏறக்கூடாது. அடிவாரத்தில் யாராவது மூட்டையோடு நிற்பார்கள், ஏதாவது ஒரு பையையாவது ஏற்றிக்கொண்டு போய் மேலே உரியவரிடம் இறக்குவோம். உங்கள் வண்டியின் பின்பக்கம் கூடாரமும் குளிர்பெட்டியும் போக ஒரு மூட்டைக்கு இடம் இருக்கும். கே.என். பாளையத்தில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். ஒரு ஊருக்குள் விருந்தாளியாக நுழைவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இறங்கும்போது தேனும் புளியும் ராகியும் அங்கேயே, சொன்ன விலைக்கு வாங்குங்கள்.

நான் சொன்ன அந்தப் பள்ளத்தில் ஒவ்வொரு தையிலும், பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள் வைத்து, மழையில் பெயர்ந்த கல்லைத் திரும்பப் பாவுகிறார்கள். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் பேரன் மேலே உட்கார்ந்து சொல்கிறான். நான் இப்போது வண்டி ஓட்டுவதில்லை என்றாலும் அந்த ஒரு நாள் மட்டும் போவேன். உங்கள் குழுவிலிருந்து பத்துப் பேர் வருவதாக இருந்தால் நான் சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு நிற்கிறேன். கடம்பூர் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடக்கலாம். கடப்பாரையும் மண்வெட்டியும் ஊரில் இருக்கிறது. மதியத்துக்குக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போடுவார்கள். கல் தூக்கிப் பழக்கமில்லாதவர்கள் கையுறை கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
சத்தியமங்கலத்திலிருந்து ஒரு பழைய ஜீப் ஓட்டுநர்